பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் கணினியில் ஓடவிடும் வேலை, லைன் அறுந்ததும் நின்றுவிடுகிறது

நாடாப்பெட்டி (பொகவந்தலாவை)
செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். லினக்ஸ் (விண்டோஸ் போல ஒரு இயங்குதளம்) பழகத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. எது முக்கியம், எது தேவையில்லை என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்னும் தெரியாது. அதனால் நடந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா காமன் கூத்து வாத்தியார். மாசி மாதம் தோட்டத்தில் காமன் ஊன்றினால் ரதிக்கும் மன்மதனுக்கும் வேஷம் கட்டுகிற பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். மாமா ஒருவர் கொழும்பில் கடை வேலைக்குப் போன காலத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்து, லீவில் வரும்போதெல்லாம் அந்தப் பாட்டுகளையும் தப்புச் சத்தத்தையும் பதிந்து வைத்தார். மொத்தம் 19 கேசட், அதாவது 38 பக்கம். இவ்வளவு வருஷமும் லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. எங்கள் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தாத்தா இப்போது இல்லை. இந்தப் பாட்டுகளை முழுசாகத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். ஆகவே இதை இந்த வருஷத்துக்குள் முடித்தாக வேண்டும்.

ஹட்டனில் ஒரு தையல் கடைக்கு மேலே சின்ன அறை கிடைத்தது. அங்கே கேசட் டெக்கும் ஒரு பழைய கணினியும் வைத்திருக்கிறேன். உபுண்டு 22.04 (லினக்ஸில் ஒரு வகை), ரேம் 4 ஜிபி. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நாடாவை ஓடவிட்டுப் பதிகிறேன். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், மோனோ. 30 நிமிடப் பக்கம் ஒன்று ஏறக்குறைய 260 எம்பி வருகிறது. பதிந்த பிறகு இரைச்சலைக் குறைத்து ஃப்ளாக் கோப்பாக (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக்கோப்பு) மாற்ற, எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி மாற்றும் மென்பொருளை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓடும் கட்டளைகள்) எழுதியிருக்கிறேன். அந்தப் பழைய கணினியில் அது பக்கத்துக்கு 20 நிமிடம் எடுக்கிறது. 38 பக்கத்துக்கும் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகும். அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது, எனக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அதனால் வீட்டிலிருந்து போனில் டெர்மக்ஸ் (போனில் லினக்ஸ் கட்டளை தட்டும் செயலி) வழியாக எஸ்எஸ்எச்சில் (தூரத்துக் கணினிக்குள் நுழைந்து கட்டளை தட்டும் வழி) நுழைந்து ஸ்கிரிப்டை ஓடவிடுகிறேன். கடையில் இருப்பது 4ஜி ரவுட்டர், வெளியிலிருந்து நேரடியாக நுழைய முடியாது. கம்பஸில் படிக்கும் சித்தி மகன் சிங்கப்பூரில் ஒரு சின்ன சேர்வரை வாடகைக்கு எடுத்து, ஹட்டன் கணினி அதற்குத் தானே எஸ்எஸ்எச் சுரங்கம் (உள்ளே நுழைய ஒரு இணைப்புப் பாதை) போட்டுக் காத்திருக்கும்படி செய்து தந்திருக்கிறான். அது ஒழுங்காக வேலை செய்கிறது.

போன செவ்வாய் இரவு 7:00 மணிக்கு ஸ்கிரிப்டைத் தொடங்கினேன். 8:10 க்கு மழை பிடித்து, டேட்டா சுத்தமாகப் போய்விட்டது. (எந்த நெட்வேர்க் என்று கேட்க வேண்டாம், எங்கள் பள்ளத்தில் எல்லாம் ஒன்றுதான்.) காலையில் நுழைந்து பார்த்தால் நாலு பக்கம் முடிந்திருந்தது. ஐந்தாவது அரைகுறை. மிச்சம் 33 பக்கம் தொடவே இல்லை.

வரியின் கடைசியில் & குறி போட்டால் பின்னணியில் ஓடும், லைன் போனாலும் பரவாயில்லை என்று சித்தி மகன் சொன்னான். அவன் செய்து காட்டியபோது சரியாக வந்தது. மறுநாள் நான் அப்படியே செய்தேன், மழை வந்தது, மறுபடியும் நின்றுவிட்டது. அவன் செய்தால் நிற்காமல் ஓடுவது நான் செய்தால் ஏன் நிற்கிறது?

இன்னொன்றும் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை லைன் போனது 8:10 க்கு. ஆனால் அந்த அரைகுறைக் கோப்பின் கடைசி நேரம் 8:26 என்று காட்டுகிறது. நடுவில் அந்த 16 நிமிடம் வேலை எப்படி ஓடியது?


தெமோதரை வளைவு (பண்டாரவளை)
செவ்வாய், இரவு 10:55

தங்கச்சி, முதலில் அந்த நேரத்தைக் குறித்து வைத்ததற்கு ஒரு சபாஷ். அந்த 16 நிமிடத்தில்தான் முழு விளக்கமும் இருக்கிறது.

எஸ்எஸ்எச்சில் நுழைந்தால் அந்தப் பக்கத்தில் உங்களுக்காக ஒரு பாஷ் எழும்பும், நீங்கள் தட்டுவதைப் படித்து ஓடவிடும் ‘ஷெல்’ அது. நீங்கள் தட்டும் கட்டளைகள் எல்லாம் அதன் பிள்ளைகள். மலையில் கங்காணி ஒருவர் ஆட்களை நிரை பிரித்து விட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஷ்தான் அந்தக் கங்காணி. ‘லைன் போய்விட்டது’ என்று கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கங்காணிக்குச் சொல்லி அனுப்பும். அந்தச் செய்திக்குப் பெயர் சிக்ஹப். தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் வைத்துக் கணினிகளைப் பிடித்த காலத்தில், எதிர்ப்பக்கம் போனை வைத்துவிட்டது என்று சொல்வதற்கு வைத்த பெயர் அது. ஹாங்கப் என்பதன் சுருக்கம். கம்பி போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது.

செய்தி கிடைத்ததும் கங்காணி சும்மா இறங்கிப் போக மாட்டார். தன் கணக்கில் இருக்கும் ஆட்கள் அத்தனை பேருக்கும் அதைச் சொல்லி மலையை விட்டு இறக்கிவிட்டுத்தான் போவார். & போட்டு ஓரத்து நிரையில் நிறுத்திய ஆளும் அவர் கணக்கில்தான் இருக்கிறார், அவரும் இறங்க வேண்டும். உங்கள் ஸ்கிரிப்ட் நின்றது அப்படித்தான்.

சித்தி மகன் காட்டியபோது ஏன் நிற்கவில்லை? அவர் வேலையைப் பின்னணியில் விட்டுவிட்டு ‘எக்சிட்’ என்று தட்டி ஒழுங்காக வெளியே வந்திருப்பார். அப்போது லைன் அறுந்த செய்தி எதுவும் பாஷுக்கு வராது. தானாக வெளியேறும் பாஷ் பின்னணி ஆட்களுக்கு ஒன்றும் சொல்லாது, அதன் இயல்பான அமைப்பு அப்படி. ஆகவே அவர் சொன்னது பொய் இல்லை, நல்ல லைன் உள்ள இடத்தில் அது உண்மைதான். உங்கள் மழை ‘எக்சிட்’ தட்டிவிட்டு வருவதில்லை.

இனி அந்த 16 நிமிடம். உங்கள் போனில் டேட்டா போனது எதிர்ப்பக்கத்துக்கு உடனே தெரியாது. ‘நான் போகிறேன்’ என்று யாரும் சொல்லவில்லை அல்லவா? எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது எத்தனை நிமிடம் முடிந்தது என்று திரையில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த எழுத்துகளை எதிர்ப்பக்கத்தார் உங்கள் போனுக்கு அனுப்புவார்கள், கிடைத்தது என்று பதில் வராது. மறுபடி அனுப்புவார்கள், கொஞ்சம் பொறுத்து மறுபடி, இன்னும் நீண்ட நேரம் பொறுத்து மறுபடி. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் ஏறக்குறைய 15 நிமிடம் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் இணைப்பு செத்தது என்று முடிவு செய்வார்கள். அதன் பிறகுதான் சிக்ஹப். உங்கள் 8:26 அதுதான். இணைப்பு 8:20 க்கே திரும்பி வந்திருந்தால்கூட, போனின் ஐபி (இணைய முகவரி எண்) மாறாமல் இருந்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடியிருக்கும். சில நாள் தப்பிப்பதும் சில நாள் நிற்பதும் இதனால்தான்.

என்ன செய்வது? டிமக்ஸ் போடுங்கள், லைன் போனாலும் வேலையை உள்ளே ஓடவைத்திருக்கும் மென்பொருள் அது. ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் டிமக்ஸ்’ போதும். ஹட்டன் கணினிக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ‘டிமக்ஸ்’ என்று தட்டுங்கள். கீழே பச்சைக் கோடு ஒன்று வரும். அதற்குள் ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள், & குறி வேண்டாம். பிறகு கண்ட்ரோலை அழுத்தியபடி பி, விரலை எடுத்துவிட்டு டி. (ஆங்கில எழுத்து வரிசையில் 2 ஆவது எழுத்து பி, 4 ஆவது எழுத்து டி. டெர்மக்ஸில் விசைப்பலகைக்கு மேலே உள்ள வரிசையில் கண்ட்ரோல் இருக்கும்.) வெளியே வந்துவிடுவீர்கள், வேலை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். காலையில் நுழைந்து ‘டிமக்ஸ் அட்டாச்’ என்றால் விட்ட திரை விட்ட இடத்தில் நிற்கும்.

டிமக்ஸின் உள்ளே இருக்கும் கங்காணி உங்கள் எஸ்எஸ்எச் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பவர் இல்லை. அவர் ஹட்டனிலேயே குடியிருக்கும் வேறொரு சேர்வரின் ஆள். கம்பி அறுந்தால் அறுவது நீங்கள் எட்டிப் பார்க்கும் ஜன்னல் மட்டும்தான். ஆகவே கண்ட்ரோல் பி டி அடிக்க நேரம் கிடைக்காமல் லைன் போனாலும் பயம் இல்லை.

நான் 14 வருஷமாகச் சேர்வர் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கொழும்பில் அலுவலகத்தில் இருந்தபடி வேலை செய்யும் ஆட்களில் பலர் டிமக்ஸைத் தொடுவதில்லை, அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்து மழைக்காலத்தில் பண்டாரவளையிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் நான் இதைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டேன்.


மூடுபனி (நானுஓயா)
புதன், காலை 6:20

அண்ணன் சொன்னதில் மாற்றம் இல்லை. ஒரே ஒரு ஸ்கிரிப்டுக்கு டிமக்ஸ் எதற்கு என்று நினைத்தால் ‘நோஹப்’ என்ற சொல்லை வரியின் முன்னால் போட்டு, கடைசியில் & போட்டாலும் போதும். சிக்ஹப் வந்தால் காதில் வாங்காதே என்று அந்த வேலைக்குச் சொல்லிவிடும். திரையில் வரவேண்டியது எல்லாம் நோஹப் டொட் அவுட் என்ற கோப்பில் சேரும். ஆனால் திரும்பி வந்து திரையைப் பார்க்க முடியாது, அந்தக் கோப்பைத்தான் படிக்க வேண்டும். நானும் டிமக்ஸ் பக்கம்தான்.

ஆனால் நாடாப்பெட்டி தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு வந்த பயம் வேறு. லைனைப் பற்றி இவ்வளவு யோசித்தோம், கரண்ட் போனால்? டிமக்ஸும் போகும், நோஹப்பும் போகும், எல்லாம் ஒரேயடியாகப் போகும். ஹட்டனில் மழை நாளில் கரண்ட் போகாமல் பன்னிரண்டு மணி நேரம் தாண்டுவது உறுதி என்று யாரும் சொல்ல முடியாது. நான் ஒரு கல்லூரிக் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 2022 இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டு இருந்த மாதங்களில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஸ்கிரிப்டை எந்த இடத்தில் நிறுத்தினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்கிற மாதிரி எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால், முடிந்த ஃப்ளாக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தாண்டிப் போகட்டும். அது மட்டும் செய்தால் போதாது. உங்கள் ஐந்தாவது பக்கம் போல அரைகுறைக் கோப்பு ஒன்று அதே பெயரில் கிடந்தால் ஸ்கிரிப்ட் அதை முடிந்தது என்று நம்பிவிடும். 38 கோப்பும் இருக்கிறதே என்று நீங்களும் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவை அதற்குள் தூக்கிப் போட்டிருந்தால் என்ன செய்வது?

ஆகவே எழுதும்போது பெயருக்கு முன்னால் ‘அரை_’ என்று சேர்த்து எழுதவிடுங்கள். எஃப்எஃப்எம்பெக் பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். ஒரே டிஸ்க்குக்குள் பெயர் மாற்றுவது ஒரே தட்டில் நடக்கும், பாதிப் பெயர் மாற்றம் என்று ஒன்று கிடையாது. முன்னால்தான் சேர்க்க வேண்டும், பின்னால் வேண்டாம். கோப்புப் பெயரின் கடைசியில் உள்ள ஃப்ளாக் என்ற வாலைப் பார்த்துத்தான் எந்த வடிவத்தில் எழுதுவது என்று எஃப்எஃப்எம்பெக் முடிவு செய்கிறது. வாலை மறைத்தால் அது முழிக்கும். நான் ஒரு மாலை முழுவதும் இதில் தொலைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு ஹட்டன் போகும்போது கணினியின் பயோஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) பாருங்கள், கரண்ட் திரும்பி வந்ததும் தானாக எழும்பும் அமைப்பு ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, கணினி எழும்பியதும் ஸ்கிரிப்ட் தொடங்கும்படி க்ரொன்னில் (வேலைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் லினக்ஸ் வசதி) ஒரு வரி எழுதிவிட்டால் நீங்கள் பொகவந்தலாவையில் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் வேலை தானே தொடரும்.

அப்புறம் ஒன்று. அந்தச் சிங்கப்பூர் சேர்வருக்குக் கடவுச்சொல் கொடுத்துத்தான் நுழைகிறீர்களா? அப்படியென்றால் இன்றைக்கே சாவிக்கு மாறுங்கள். போனில் ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ ஓட்டினால் சாவி இரண்டு பாதியாக வரும். பகிரங்கப் பாதியை மட்டும் அங்கே வைத்துவிட்டு, கடவுச்சொல்லால் நுழைவதை மூடிவிடுங்கள். இணையத்துக்குத் திறந்திருக்கும் 22 ஆம் போர்ட்டை (எஸ்எஸ்எச் வழக்கமாக நுழையும் வாசல்) நாள் முழுக்க யாராவது தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். எஸ்எஸ்எச் பிறந்ததே கடவுச்சொல் திருட்டினால்தான். 1995 இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைப் பொறுக்கியதால் டாட்டு யலோனன் என்பவர் அங்கே எழுதியது அது.


நாடாப்பெட்டி (பொகவந்தலாவை)
வியாழன், இரவு 8:15

அண்ணன், அக்கா இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நேற்று டிமக்ஸ் போட்டேன். இரவு 9 மணிக்கு வேண்டுமென்றே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, அரை மணி நேரம் பொறுத்து உள்ளே போய்ப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குத் திரையில் ஓடும் எண்கள் புரியவில்லை, ஆனாலும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ‘அரை_’ முறையையும் ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டேன். சாவியும் மாற்றியாகிவிட்டது.

இப்போது வேறு சிக்கல். ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழையாமல் போனிலிருந்தே ஒரு வரியில் கேட்டுப் பதில் வாங்கலாம் என்று பார்த்தேன். எஸ்எஸ்எச் ஹட்டன் என்று எழுதி, அதன் பின்னாலேயே கட்டளையை எழுதினால் ஓடிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறது, நல்ல வசதி. ஆனால் மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

என் குறிப்புக் கோப்பில் 38 பக்கத்தின் பெயரும் வரிக்கு ஒன்றாக இருக்கிறது. அதைப் படித்து ஒவ்வொரு பெயருக்கும் ஹட்டனில் அந்தக் கோப்பு எத்தனை நிமிடம் என்று கேட்க ஒரு வைல் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) எழுதினேன். முதல் பெயருக்குப் பதில் வந்ததும் லூப் முடிந்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. மீதி 37 பெயரும் எங்கே போகின்றன?

கோப்புப் பெயர்களில் இடைவெளி இருக்கிறது, ‘காமன் 87 பக்கம் 1’ என்ற மாதிரி. மேற்கோள் குறிக்குள்தான் போட்டேன். ஆனாலும் ‘காமன்’ என்ற கோப்பு இல்லை, ‘87’ என்ற கோப்பு இல்லை என்று தனித்தனியாகத் திட்டுகிறது.

ஹட்டன் கணினியில் என் வீட்டு அடைவு (என் கோப்புகள் இருக்கும் இடம்) எது என்று, அதைக் குறிக்கும் டொலர் ஹோம் என்ற சொல்லைப் போட்டுக் கேட்டேன். அது என் போனில் உள்ள டெர்மக்ஸ் அடைவைச் சொல்கிறது!


சிங்கமலைச் சுரங்கம் (கொட்டகலை)
வியாழன், இரவு 9:30

மூன்றுக்கும் நான் பதில் சொல்கிறேன். மூன்றிலும் ஒரு காலத்தில் நான் மாட்டியிருக்கிறேன்.

கடைசியில் கேட்டதிலிருந்து வருவோம், அது தெரிந்தால் மற்றது எளிது. உங்கள் வரியை இரண்டு ஷெல் படிக்கிறது. முதலில் போனில் உள்ளது, பிறகு ஹட்டனில் உள்ளது. இரட்டை மேற்கோளுக்குள் டொலர் குறி இருந்தால் போனில் உள்ள ஷெல் அதை அங்கேயே விரித்துவிட்டு, விரித்த பெயரைத்தான் ஹட்டனுக்கு அனுப்பும். ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால் தொடாமல் அனுப்பும், ஹட்டன் விரிக்கும். நட்சத்திரக் குறிக்கும் இதே கதைதான். அங்கே நடக்க வேண்டியதை எல்லாம் ஒற்றை மேற்கோளுக்குள் போடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை வராது.

இடைவெளிப் பெயரும் இதனால்தான் உடைகிறது. நீங்கள் போட்ட மேற்கோளைப் போன் ஷெல் உரித்து எடுத்துவிடுகிறது. எஸ்எஸ்எச் மிஞ்சிய சொற்களை இடைவெளி விட்டு ஒரே வரியாகக் கோத்து அனுப்புகிறது. ஹட்டன் ஷெல் அந்த வரியை முதன்முதலாகப் பார்ப்பது போல மறுபடி பிரிக்கிறது. ஆகவே இரண்டு தோல் வேண்டும்: வெளியே ஒரு மேற்கோள், உள்ளே இன்னொரு மேற்கோள். வெளித்தோல் இங்கே உரியும், உள்தோல் அங்கே உரியும். முடிந்தால் பெயர்களில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டுவிடுங்கள். தாத்தாவின் பாட்டுகள் இனி எத்தனையோ கணினிக்குப் போகப்போகின்றன, ஒவ்வொன்றிலும் இந்தத் தொல்லை வேண்டாம்.

லூப்புக்கு வருவோம். அந்த 37 பெயரையும் விழுங்கியது எஸ்எஸ்எச். உங்கள் வைல் லூப் குறிப்புக் கோப்பை உள்ளீடாகப் பிடித்து வரிவரியாகப் படிக்கிறது. அதே உள்ளீட்டுக் குழாய் லூப்புக்குள் இருக்கும் எஸ்எஸ்எச்சுக்கும் திறந்திருக்கிறது. தூரத்தில் உள்ள கட்டளைக்குத் தேவைப்படலாம் என்று அது கிடைப்பதை எல்லாம் உறிஞ்சி அனுப்பிவிடும். லூப் இரண்டாவது வரியைத் தேடும்போது கோப்பு காலி. காலியானால் லூப் முடிய வேண்டியதுதானே, அதனால்தான் பிழை என்று எதுவும் காட்டவில்லை. எஸ்எஸ்எச் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மைனஸ் என் போடுங்கள், சிறிய எழுத்து என். உள்ளீட்டைத் தொடாதே என்று அர்த்தம்.

ஆனால் 38 தடவை இணைப்பதே வீண். உங்கள் லைனில் ஒவ்வொரு தடவையும் கைகுலுக்கிச் சாவி சரிபார்க்கவே சில வினாடி போகும். லூப்பை ஒரு சின்ன ஸ்கிரிப்டாகப் போனில் எழுதி, எஸ்எஸ்எச் ஹட்டன், அடுத்து ‘பாஷ் -எஸ்’, அதற்கு உள்ளீடாக < குறி போட்டு அந்த ஸ்கிரிப்டைக் கொடுங்கள். முழு ஸ்கிரிப்டும் ஒரே இணைப்பில் அங்கே போய் அங்கேயே ஓடும். மேற்கோள் தோல் உரிக்கும் வேலையும் இல்லை. சற்று முன் உங்கள் பெயர்களை விழுங்கிய அதே பழக்கம்தான் இங்கே கைகொடுக்கிறது.

ஒரு வரியில் கேட்கும்போது பதிலின் முடிவு எண்ணையும் பாருங்கள். கட்டளை ஓடியிருந்தால் எஸ்எஸ்எச் அந்தக் கட்டளையின் முடிவு எண்ணையே உங்களிடம் தரும். 255 வந்தால் பெரும்பாலும் இணைப்பே கிடைக்கவில்லை. லைன் போனதா, ஸ்கிரிப்டில் பிழை வந்ததா என்று மழை நாளில் பிரித்துப் பார்க்க இது உதவும்.

இன்னொன்று: ஒரு வரியாக அனுப்பும் கட்டளைக்கு ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று வந்து, உள்ளே நுழைந்து தட்டினால் ஓடினால் குழம்ப வேண்டாம். நுழையும்போது படிக்கப்படும் ப்ரொஃபைல் கோப்பு (கட்டளைகளை எங்கே தேடுவது என்பது போன்ற அமைப்புகள் உள்ளது), ஒரு வரியாக அனுப்பும்போது படிக்கப்படாது. முழுப் பாதையையும் எழுதிவிட்டால் சரி.

எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக வைக்கும் மோஷ் என்ற மென்பொருள் பற்றி யாராவது சொல்வார்கள், நானே சொல்லிவிடுகிறேன். நான் கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் போய் வருகிறவன். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தால் எஸ்எஸ்எச் திரை உறைந்துவிடும். மோஷ் என்றால் சுரங்கத்தைத் தாண்டியதும் ஒன்றும் நடக்காதது போலத் தொடரும், ஐபி மாறினாலும் பரவாயில்லை. ஆனால் மோஷ் யூடிபியில் பேசும் (யூடிபி, டிசிபி இரண்டும் இணையத்தில் தரவு அனுப்பும் வேறு வேறு முறைகள்). உங்கள் சித்தி மகன் போட்ட எஸ்எஸ்எச் சுரங்கம் டிசிபியை மட்டும்தான் கொண்டுபோகும், ஆகவே மோஷ் ஹட்டன் வரை நேரே போகாது. சிங்கப்பூர் சேர்வர் வரை மோஷ், அங்கிருந்து ஹட்டனுக்கு எஸ்எஸ்எச், அங்கே டிமக்ஸ் என்று கோக்கலாம். உங்களுக்கு இப்போதைக்கு டிமக்ஸ் போதும் என்பது என் எண்ணம்.

உறைந்த திரையை மூடப் போனை அணைக்க வேண்டாம். என்டர் தட்டி, ~ குறி தட்டி, ஒரு முற்றுப்புள்ளி. எஸ்எஸ்எச் தானே விட்டுவிடும்.


தெமோதரை வளைவு (பண்டாரவளை)
வெள்ளி, காலை 7:05

சுரங்கம் தம்பி முழுதாகச் சொல்லிவிட்டார். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். போனில் எஸ்எஸ்எச் கொன்ஃபிக் கோப்பில் சேர்வர்அலைவ்இன்டர்வல் 30 என்று ஒரு வரி போடுங்கள். 30 வினாடிக்கு ஒரு தடவை ‘இருக்கிறாயா’ என்று கேட்கும், தொடர்ந்து மூன்று தடவை பதில் வராவிட்டால் தானே துண்டித்துவிடும். செத்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சும்மா இருக்கும் இணைப்பை நடுவழியில் இருக்கும் ரவுட்டர்கள் மறந்துவிடுவதும் குறையும்.

அப்புறம், தங்கச்சி, அந்தக் கணினியில் சுரங்க அமைப்பையோ எஸ்எஸ்எச் அமைப்பையோ தூரத்திலிருந்து மாற்ற வேண்டி வந்தால், முதலில் ‘எஸ்எஸ்எச்டி’க்கு (அந்தப் பக்கத்தில் இணைப்பை ஏற்கும் நிரல்) மைனஸ் டி கொடுத்துக் கோப்பில் பிழை இல்லை என்று பாருங்கள் (இந்த டி 20 ஆவது எழுத்து). மாற்றிய பிறகு, திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் இரண்டாவதாக இன்னொன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால் மட்டும் முதலாவதை மூடுங்கள். உங்களைப் போல ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போய்க் கதவைத் திறக்க வேண்டியவர்களுக்கு இது கட்டாயம்.


நாடாப்பெட்டி (பொகவந்தலாவை)
ஞாயிறு, காலை 5:50

நடந்ததை எழுதுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

வெள்ளி இரவு 7:15 க்கு டிமக்ஸுக்குள் தொடங்கினேன். 8 மணிக்கெல்லாம் லைன் போய்விட்டது. சனிக்கிழமை காலையில் நோர்வூட்டுக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பஸ்ஸும் இல்லை, டேட்டாவும் மத்தியானம்தான் வந்தது. முன்பு என்றால் அழுதிருப்பேன். உள்ளே போய் ‘டிமக்ஸ் அட்டாச்’ தட்டினால், அப்படி ஒன்றே இல்லை என்று வந்தது. நெஞ்சு அடைத்துவிட்டது. பார்த்தால் அதிகாலை 3 மணிக்கு ஹட்டனில் கரண்ட் போய், 4:40 க்கு வந்திருக்கிறது. பயோஸ் அமைப்பை நான் இன்னும் மாற்றவில்லை, தானாக எழும்பியது என் அதிர்ஷ்டம், அந்தக் கணினியில் முன்பே அப்படித்தான் இருந்திருக்கிறது போல. முடிந்த 23 பக்கமும் பத்திரமாக இருந்தன. பக்கத்தில் ‘அரை_’ என்று ஒரே ஒரு கோப்பு. நானுஓயா அக்கா, அந்தக் கோப்பைப் பார்த்தபோது உங்களைத்தான் நினைத்தேன். அக்கா சொன்ன க்ரொன் வரியை நான் எழுதவில்லை, இப்போது எழுதிவிட்டேன். ஸ்கிரிப்டை மறுபடி தொடங்கினேன், 23 ஐயும் தாண்டி 24 இலிருந்து ஆரம்பித்தது.

நேற்று மாலை 6 மணிக்குள் மிச்சமும் முடிந்தது. ‘பாஷ் -எஸ்’ வைத்து 38 இன் நீளத்தையும் ஒரே தடவையில் கேட்டேன். 37 சரி. 12 ஆவது கேசட்டின் இரண்டாம் பக்கம் மட்டும் 9 நிமிடத்தோடு நிற்கிறது. மூலக் கோப்பைப் பார்த்தால் அதுவும் 9 நிமிடம்தான். அது என் ஸ்கிரிப்டின் குற்றம் இல்லை, பதியும்போதே நாடா ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அது ரதி ஒப்பாரி வரும் பக்கம்.

பூஞ்சணத்தால் ஒன்றோடொன்று ஒட்டிய நாடாவைக் கிழியாமல் பிரித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், தனிக் கேள்வியாகவும் போடுகிறேன். தெரியும்வரை அந்தக் கேசட்டை டெக்கில் போட மாட்டேன். பாதை திறந்துவிட்டதாம், 6:30 பஸ்ஸில் ஹட்டன் போகிறேன், இன்றைக்கு முதல் வேலை பயோஸைப் பார்ப்பது.